தம்பியின் குருப்பட்டமும் என் மலிவு டிக்கெட்டும்

விமான டிக்கெட்டைக் குறைந்த விலைக்குப் போட்டவருக்கு அது மட்டும் போதாது. அதே விமானத்தில் தன்னைவிட ஜாஸ்தி கொடுத்து வந்தவர் யார் என்று தெரிந்தால்தான் அவருக்குத் திருப்தி. இதை நான் ஊரைப் பற்றிச் சொல்லவில்லை, என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். ஒரு காலத்தில் நான் அப்படித்தான் இருந்தேன்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்கிற காட்டுமன்னார்கோயில் அம்மா ஒருவரின் மகனுக்கு டில்லியில் இன்டர்வியூ வந்தது. அவனுக்கு நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். மற்றவர்கள் சொன்ன விலையில் முக்கால்வாசிதான் ஆனது. அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குத் தனி மரியாதை. யார் வீட்டில் யார் எங்கே பறந்தாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டும், ஒரே போனில் திரும்பத் திரும்பத் தேடக்கூடாது, தேடினால் கம்பெனிக்காரன் நம் ஆசையைக் கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடுவான் என்றெல்லாம் சொல்லுவேன். (இதில் எது உண்மை, எது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே தெரியாது.) பதினோரு பேருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தேன். நான் மட்டும் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை.

இந்த நிலைமையில்தான் என் தம்பி அருள்ராஜுக்குக் குருப்பட்டம் என்று செய்தி வந்தது.

என் பிறந்த வீடு கடலூர் முதுநகரில். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி பள்ளிக்கூடம் முடித்ததும் சாமியாராகப் போகிறேன் என்று ஒரு மிஷன் சபையில் சேர்ந்தான். அவர்கள் அவனை அசாமுக்கு அனுப்பினார்கள். பட்டமும் அங்கேயேதான், அவன் வேலை செய்கிற மலைப்பக்கத்துக் கோயிலில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். பட்டம் வாங்குகிற பிள்ளை பீடத்துக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்திருப்பான். எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லி அழைத்து மன்றாட்டுமாலை பாடுவார்கள். எழுந்த பிறகு அவன் வீட்டுப் பிள்ளை இல்லை, எல்லாருக்கும் பொதுவான சாமியார்.

"அவன் குப்புறப் படுக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்டி எனக்கு" என்றாள்.

போகிறவர்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, அம்மாவின் தம்பி சூசை மாமா, நான். என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்துக்கொண்டு சிதம்பரத்திலேயே இருப்பதாக ஏற்பாடு. சூசை மாமா பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். பட்டம் கொடுக்கிற ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, கொடுக்க என்று மூன்று கிலோ முழு முந்திரியை அப்போதே எடுத்து வைத்துவிட்டார்.

விலை விசாரிக்கக் கீழவீதியில் இருக்கிற ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். (வாங்குவதற்கு அல்ல. அவரைவிட நான் எவ்வளவு குறைத்தேன் என்று பிறகு கணக்குப் பார்ப்பதற்கு.) அந்தக் கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்.

"சென்னையிலேர்ந்து கவுகாத்திக்கு ஒரே டிக்கெட்டா போட்டுடுங்க மேடம். நடுவுல கொல்கத்தாவுல மாறணும். மொத ஃபிளைட்டு லேட்டானாலும் அவுங்களே அடுத்ததுல ஏத்தி வுட்டுடுவாங்க. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறீங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று போன்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ஒரு கம்பெனி, அங்கிருந்து கவுகாத்திக்கு வேறொரு கம்பெனி என்று தனித்தனியாகப் போட்டால் ஆளுக்கு இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் குறைந்தது. நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி. பணம் கட்டும்போது திரையில் ஒரு கட்டம் வந்தது. இவை இரண்டும் தனித்தனிப் பயணங்கள், ஒன்று தாமதமாகி மற்றது தவறினால் நாங்கள் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருந்தது. அதை நான் படிக்கவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் பொய். படித்தேன். படித்துவிட்டுத்தான் டிக் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் போய் இதைப் பெருமையாக அறிவித்தேன். மாமா அசந்துபோனார். "பாத்தியா மச்சான், உன் பொண்ணு பத்தாயிரத்த மிச்சம் புடிச்சிட்டா!" என்று அப்பாவின் தோளைத் தட்டினார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நடுவுல எறங்கி ஏறணுமா ஜெசி?"

"ஆமாப்பா. பண்ருட்டியில பஸ் மாறுற மாதிரிதான்."

அப்பா என்னை நம்பினார். பண்ருட்டியில் ஒரு பஸ் போய்விட்டால் பத்து நிமிஷத்தில் அடுத்தது வரும், அதற்கும் அதே காசுதான் என்ற வித்தியாசம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

டிக்கெட்டில் மட்டும் மிச்சம் பிடித்து நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பெட்டி போடக் காசு, அதனால் பெட்டி கிடையாது. ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும். பக்கத்துப் பக்கத்தில் உட்காரத் தனிக் காசு, அதனால் கம்பெனி கொடுக்கிற இடத்தில் உட்கார வேண்டியது. "உள்ள எதுவும் குடுத்தா வாங்கிடாதீங்க. தண்ணியா இருந்தாலும் வேணாம்னு சொல்லிடுங்க. எல்லாத்துக்கும் பில் போடுவான்" என்று அப்பா அம்மாவுக்கு மூன்று முறை பாடம் எடுத்தேன். அவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது முதுநகரிலிருந்து காரில் கிளம்பினோம். அம்மா புதுப் பட்டுப்புடவையில் இருந்தாள். அவளுடைய பையில்தான் தம்பியின் பூசை உடுப்பு இருந்தது. பட்டத்தின் நடுவில் பெற்றோர் அந்த உடுப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க, அதை அவனுக்குப் போட்டுவிடுவார்கள். வெள்ளைத் துணியில் தங்க நூலால் கோதுமைக் கதிர் பின்னியது. கடலூரிலேயே ஒரு கன்னியர் மடத்தில் நாலு மாதம் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்கள்.

சென்னை விமான நிலைய வாசலில் நான் எடை பார்க்கிற தராசை வெளியே எடுத்தேன். (ஆமாம், கொக்கி வைத்த கைத்தராசு. அதையும் வாங்கியிருந்தேன்.) அம்மாவின் பை எட்டு கிலோவுக்கு மேல் காட்டியது. மாமாவின் பை அதற்கும் மேல். போகிற வருகிறவர்கள் பார்க்க, நடைபாதையிலேயே நாலு பைகளையும் பிரித்துப் போட்டுப் பங்கு வைத்தேன். பூசை உடுப்பு என் பைக்கு வந்தது. அம்மாவின் துணிகள் அப்பாவின் பைக்கும், மாமாவின் முந்திரி அம்மாவின் பைக்கும் போயின. நாலு பையும் ஏழு கிலோவுக்குள் வந்ததும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

விமானம் பதினொன்றே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். கொல்கத்தாவில் மழை என்று அறிவித்தார்கள். பன்னிரண்டரை என்றார்கள். பிறகு ஒன்று. கடைசியில் ஒன்றே காலுக்கு மேல்தான் எங்களை ஏற்றினார்கள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். அம்மா கேட்டாள், "என்னாடி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. மொத தடவ ஏர்றேன்ல, பயம்."

உள்ளே நாலு பேருக்கும் நாலு மூலையில் இடம். அம்மா இருபத்தெட்டாவது வரிசையில், முன்பின் தெரியாத இரண்டு ஆண்களுக்கு நடுவில். திரும்பிப் பார்த்தேன். முந்தானையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மேலே ஏறியதிலிருந்து கீழே இறங்கும் வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. மேகத்தைப் பார்த்தாயா என்று பிறகு கேட்டதற்கு, "நான் எங்கடி பாத்தன்? ரெண்டு பக்கமும் ஆம்பள" என்றாள்.

கொல்கத்தாவில் இறங்கியபோது நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கவுகாத்தி விமானம் நாலு மணிக்கு. அப்பாவையும் அம்மாவையும் மாமா பார்த்துக்கொள்ள, நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, மாடி ஏறி, புறப்பாட்டு வாசலில் போய் நின்றேன். காவலர் என் டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. ஆனாலும் புரிந்தது.

கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். முதல் விமானம் வேறு கம்பெனி, அதனால் எங்கள் டிக்கெட் அவ்வளவுதான். அன்றைக்கு ஆறே காலுக்கு இன்னொரு விமானம் இருக்கிறது, அதில் இரண்டே இடம். அதை விட்டால் மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பத்து மணிப் பூசைக்குப் போக முடியாது என்பதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. கவுகாத்தியிலிருந்து கோயிலுக்கே இரண்டு மணி நேரம் மலைப்பாதை.

திரும்பிப் பார்த்தபோது மூவரும் வந்து நின்றிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அந்த டிக் போட்ட கட்டத்தைப் பற்றியும் சொன்னேன். மறைத்து வைக்க இனி எதுவும் இல்லை.

மாமா முதல் முறையாக என்னைத் திட்டினார். "ஏம்மா, தெரிஞ்சேவா போட்ட?"

அம்மா திட்டவில்லை. "அப்ப நான் அவன் படுக்கறத பாக்க முடியாதா ஜெசி?" என்றாள். சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கம்மா. நானும் மாமாவும் காலையில வர்றோம்."

"நாங்களா? தனியாவா? அங்க என்னா பாஷ பேசுவாங்கன்னு கூடத் தெரியாதேடி!"

அந்த இரண்டு இடத்துக்குக் கட்டிய தொகையில் நாங்கள் நாலு பேரும் இன்னொரு முறை சென்னையிலிருந்து வந்திருக்கலாம். கார்டைத் தேய்க்கும்போது மாமா வேறு பக்கம் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகு கவுண்டர் பெண்ணிடம், இவர்களுக்கு மொழி தெரியாது, முதல் பயணம், எப்படிப் போவார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, சக்கர நாற்காலி கேட்டால் ஒரு ஆள் கூடவே வந்து ஏற்றிவிடுவார், அங்கே இறங்கியதும் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள் என்றாள். காசு உண்டா என்று கேட்டேன். (அந்த நேரத்திலும் கேட்டேன்.) இல்லை என்றாள்.

அப்பா நாற்காலியைப் பார்த்தார். "எனக்குக் கால் நல்லாதானே இருக்கு" என்றார். அறுபத்தாறு வயதிலும் ஏணி ஏறி அக்கம்பக்கத்தில் ஃபேன் மாட்டிக் கொடுக்கிற மனுஷன்.

"அப்பா, எனக்காக உக்காருங்கப்பா."

உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் ஏழு கிலோ பை. ஒரு பையன் தள்ளிக்கொண்டு போக, அம்மா நாற்காலியின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். கண்ணாடிக் கதவு வரை அப்பா திரும்பவே இல்லை. கதவுக்குள் போகும்போது மட்டும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். பார்த்துக்கொண்டே நின்றேன். ஆளுக்கு இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்க்காக நல்ல காலோடு இருந்த அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தவள் நான்.

தம்பி பட்டத்துக்கு முந்தைய தியானத்தில் இருந்ததால் அவனுடைய போன் அவனிடம் இல்லை. கூட இருந்த சாமியார் ஒருவருக்குப் போன் செய்து, அப்பா அம்மா மட்டும் இந்த விமானத்தில் வருகிறார்கள், அழைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை மாமா முகம் துடைக்கத் துண்டு தேடி என் பையைத் திறந்தார். துண்டுக்குப் பதிலாக வெள்ளைத் துணி வந்தது. தங்க நூல் கோதுமைக் கதிர்.

"ஜெசி" என்றார். "இது இங்க இருக்கே."

விமானம் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது.

கவுகாத்தியில் நடந்ததைப் பிறகு தம்பி சொல்லித்தான் தெரியும். தியானத்திலிருந்து அன்று மாலைக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு அவனே விமான நிலையத்துக்கு வந்திருக்கிறான். கூட இரண்டு சாமியார்கள், நாலைந்து சிஸ்டர்கள், பாட்டுக் குழுப் பிள்ளைகள் கையில் பூவோடு. கதவு திறக்கிறது. சக்கர நாற்காலியில் அப்பா. பக்கத்தில் அம்மா, மகனைப் பார்த்த சந்தோஷத்தில் தாரை தாரையாக அழுதுகொண்டு. அப்பாவுக்கு வழியில் ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் நானும் மாமாவும் வரவில்லை என்று தம்பி முடிவே செய்துவிட்டான். "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டு அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா பையைத் தரையில் வைத்தார். எழுந்து நின்றார். "என்னாடா இது, எந்திரி. துணி அழுக்காவுது" என்று அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார்.

சுற்றி நின்றிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் கண்டது இதுதான்: நாளைக்குக் குருவாகப் போகிறவர் தொட்டார், நடக்க முடியாதவர் நடந்தார். ஒரு சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பாட்டுக் குழுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த மலைக்கிராமத்தில் இன்றைக்கும் சிலர் தம்பியிடம் முட்டிவலிக்குச் செபிக்கச் சொல்லி வருகிறார்களாம்.

விமானத்திலிருந்து இறங்கியபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்ததாம். இரண்டாவது விமானத்தில் பணிப்பெண் மூன்று முறை தண்ணீர் நீட்டியிருக்கிறாள். மூன்று முறையும் இருவரும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை கோயில் உடுப்பு அறையில் அம்மா தன் பையைத் திறந்தாள். ஆயர், பங்குச் சாமியார், தம்பி எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். உள்ளே மூன்று கிலோ முந்திரி.

நானும் மாமாவும் கோயில் வாசலில் ஜீப்பை விட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால். பூசை முடிந்து, ஜனங்கள் மூங்கில் பந்தலுக்குக் கீழே சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மன்றாட்டுமாலை, ஆயர் தலைமேல் கை வைத்தது, முதல் ஆசீர்வாதம் எல்லாமே முடிந்துபோயிருந்தது. கூடப் பிறந்தவனின் குருப்பட்டத்தில் நான் கண்ணால் பார்த்தது பந்தியைத்தான்.

தம்பி கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தான். யாரோ ஒரு பெரிய உடம்புக்காரச் சாமியாரின் உடுப்பைப் போட்டுவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மடித்து ஊசி குத்தியும் தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. நான் பையை நீட்டினேன். என்ன சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அழுகைதான் வந்தது.

அவன் என் தலையில் கை வைத்தான். கண்ணை மூடி மெதுவாகச் செபம் சொன்னான். கடைசியில் குனிந்து என் காதில், "மொதல்ல போய் சாப்டுக்கா. இது ஃப்ரீ" என்றான்.

பிறகு புது உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து எங்களோடு ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

அம்மாவிடம் போனேன். "பாத்தியாம்மா?" என்றேன்.

"பாத்தன்டி. எங்கிட்டேர்ந்து மூணடி தூரத்துலதான் படுத்திருந்தான். கால்ல வெடிப்பு வந்திருக்கு அவனுக்கு. எண்ணெ போடச் சொல்லணும்." பிறகு, "நீயும் இருந்திருக்கலாம்" என்றாள். அதோடு சரி. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

அப்பா அன்றைக்கு மட்டுமல்ல, ஊருக்குத் திரும்பிய பிறகும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. (திரும்பி வர டிக்கெட் போட்டது கீழவீதிக் கடைக்காரர்.) அவர் திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு. ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் வீட்டில் சாயங்காலம் குடும்ப செபத்துக்கு உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர், மகள் நிவி, சூசை மாமா எல்லாரும் இருந்தார்கள். எங்கள் வீட்டில் கடைசியில் ஒவ்வொருவராக ஒரு மன்றாட்டு சொல்வது வழக்கம். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். அம்மா நோயாளிகளுக்காகச் சொன்னாள். மாமா முந்திரி விளைச்சலுக்காகச் சொன்னார். அப்பாவின் முறை வந்தது. கண்ணைத் திறக்காமல், ஏசுநாதர் படத்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, எப்போதும் போல நிதானமான குரலில் சொன்னார்:

"குடும்பத்துக்காக விமான டிக்கெட் எடுப்பவர்கள் அனைவரும் நல்ல புத்தியும் ஞானமும் பெற்று, தங்கள் பெற்றோரை நடுவழியில் விடாதிருக்க வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

வார்த்தையைக் கவனிக்காமல், வாய்ப்பழக்கத்தில், அந்த வீட்டிலேயே உரக்க நான்தான் பதில் சொன்னேன்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அப்புறம்தான் மற்றவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை என்பது தெரிந்தது. மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மாவின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

அந்த மன்றாட்டு இன்றும் எங்கள் வீட்டில் நடக்கிறது. இப்போதெல்லாம் அதைச் சொல்வது நிவி. ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். எல்லாரும் எனக்காகக் காத்திருப்பார்கள். நான் பதில் சொன்ன பிறகுதான் விளக்கை அணைப்பார்கள்.